மூலை டீச்சரின் வஞ்சம்

சிலருக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் இருக்கும். சிலருக்கு இரண்டு வருடம். மூலை டீச்சருக்குப் பதினோரு வருடம் இருந்தது, அதுவும் கொஞ்சம்கூட வாடாமல். ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. அந்த வஞ்சத்தை விட்டுவிட்டு அவள் கதையைச் சொன்னால், சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். முப்பது வருடமாக ஒரே தொடக்கப் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் அவள் தலையில்தான். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு நீள அறை. அந்த அறையின் நான்கு மூலைகள்தான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன.

வேலைக்கு வந்த புதிதில் அவளும் எல்லாரையும் போலத்தான் பாடம் நடத்தினாள். அவள் ஒரு வரி சொல்ல, நாற்பது பிள்ளைகள் தொண்டை கிழிய அதைத் திருப்பிச் சொல்லும். மூன்றாம் வகுப்பை முடித்துப் போகும் பிள்ளையிடம் கடைப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னால், அது பலகையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும். எட்டு வருடம் இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போய், ஒரு நாள் காலை வகுப்பையே கலைத்துப் போட்டாள். தினமும் முதல் ஒரு மணி நேரம் வயதும் கிடையாது, வகுப்பும் கிடையாது. எழுத்து தெரியாதவர்கள் ஒரு மூலை, சொல் வாசிப்பவர்கள் ஒரு மூலை, ஒரு வரியை முழுதாக வாசிப்பவர்கள் இன்னொரு மூலை, கதை வாசிப்பவர்கள் கடைசி மூலை. யாருக்கு எப்போது வருகிறதோ அப்போதே அடுத்த மூலைக்குப் போகலாம். பரீட்சையெல்லாம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மூலை மாறிய பிள்ளை தினமும் பத்து நிமிடம் பழைய மூலைக்குத் திரும்பி வந்து, அங்கே திணறிக்கொண்டிருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு வருடத்தில் அறையே மாறிப்போனது. ஆனால் இதில் எதையும் அவள் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அங்கேதான் கோட்டை விட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தோளில் பையோடு ஓர் ஆராய்ச்சி மாணவன் வந்து சேர்ந்தான். தொடக்கக் கல்வியில் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறானாம். நாற்பது நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதித் தள்ளினான். இவள் தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்து, அவன் கேட்ட ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எழுத்து மூலை ஏன் வாசல் பக்கம்? வாண்டுகளுக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரும், ஓடுவதற்குப் பக்கம். கதை மூலை ஏன் ஜன்னல் பக்கம்? ஓடு ஒழுகாத இடம் அந்த அறையில் அது ஒன்றுதான், புத்தகம் நனையாது. அவன் அத்தனையையும் எழுதிக்கொண்டான். போகும்போது, "உங்க பேரு முதல் பக்கத்துலயே இருக்கும் மேடம்" என்று உருகிவிட்டுப் போனான்.

சில மாதம் கழித்து அவன் ஆய்வு அச்சாகிப் பள்ளிக்கு வந்தது. அவள் பெயர் முதல் பக்கத்திலும் இல்லை, கடைசிப் பக்கத்திலும் இல்லை. 'ஆய்வுக்கு முந்தைய நிலை' என்று ஒரு பகுதியில் மட்டும் அவளுடைய பள்ளி வந்தது. 'பிள்ளைகள் வரிசையின்றி மூலைகளில் சிதறி உட்கார்ந்திருந்தனர். வகுப்பறை ஒழுங்கற்றுக் காணப்பட்டது.' அதற்கு அடுத்த பகுதியில் 'நாற்படி வாசிப்பு' என்று ஒன்று முளைத்திருந்தது. அவன் யோசித்துக் கண்டுபிடித்ததாம். அதில் நான்கு மூலைகள். மூலை மாறியவர் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படியே இருந்தது. அதைவிட ஒரு வேடிக்கை: 'கதை மூலை ஜன்னல் பக்கம் அமைவது கவனத்தைக் கூர்மையாக்கும் என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன.'

"ஆய்வாம் ஆய்வு! ஓடு ஒழுகுச்சுடா மடையா!" என்று அவள் காகிதத்தைப் பார்த்துக் கத்தினாள். மடையன் அவன் இல்லை, சோறும் போட்டுச் சொல்லியும் கொடுத்த தான்தான் என்பது அவளுக்கே தெரியும். அதனால் இன்னும் எரிந்தது.

அதோடு போகவில்லை. 'ஒழுங்கற்ற வகுப்பறை' என்ற அந்த ஒரு வரியைக் கல்வி அதிகாரி படித்துத் தொலைத்தார். அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. தலைமை ஆசிரியை இடம் காலியானபோது, அவளைவிட ஐந்து வருடம் இளையவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அதிகாரி வரும் நாளில் மட்டும் பிள்ளைகளை வரிசையில் உட்கார்த்தினாள். மற்ற நாளெல்லாம் மூலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்காக என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அவனே வந்தான். இப்போது 'அவன்' என்று சொல்லக் கூடாது, திட்ட இயக்குநர். காரும் கண்ணாடியும் தொப்பையும் வந்திருந்தன. நாற்படித் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோவதற்கு முன்னால் பதினாறு பள்ளிகளில் சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். சீட்டுக் குலுக்கி எட்டுப் பள்ளிகளுக்குத் திட்டம். அவர்களுக்குப் பயிற்சி, அட்டை, படக் கதைப் புத்தகம் எல்லாம் உண்டு. மற்ற எட்டும் ஒப்பீட்டுப் பள்ளிகள். அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு வருடம் கழித்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். திட்டப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக வாசித்தால் திட்டம் வென்றது.

மூலை டீச்சரின் தங்கையும் ஆசிரியைதான், ஆறு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளி. தங்கை பள்ளிக்குத் திட்டம் விழுந்தது. அக்காவின் பள்ளிக்கு விழுந்தது ஒப்பீடு.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் கைகூப்பியபடி வரிசையாக வந்தார். அவள் முன்னால் நின்று, வாயெல்லாம் பல்லாக, "மேடம் எந்த ஸ்கூல்?" என்று கேட்டார்.

நாற்பது நாள் அவள் சோற்றைத் தின்றவர்! உண்மையிலேயே மறந்துவிட்டாரா, மறந்தவர் போல நடித்தாரா, அவளுக்குத் தெரியாது. எது என்றாலும் அவள் மன்னிக்கப் போவதில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னாள். அவர் பட்டியலைப் பார்த்தார்.

"ஓ, ஒப்பீட்டுப் பள்ளியா? உங்களுக்கு வேலையே இல்ல மேடம். எதையும் மாத்திடாதீங்க. எப்பவும் போல இருங்க, அது போதும்."

"எப்பவும் போலயா சார்?"

"ஆமா மேடம். இத்தனை வருஷமா என்ன பண்ணீங்களோ, அதையே பண்ணுங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் திட்டம் முழுதாக மனதில் வந்துவிட்டது. இவனைத் திட்டவும் வேண்டாம், மொட்டைக் கடிதம் போடவும் வேண்டாம். நன்றாகப் பாடம் நடத்தினால் போதும். ஒப்பீட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அதே அளவு வாசித்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் இல்லையென்றால் இவன் திட்டம் மண்ணைக் கவ்வும்.

ஆனால் ஒரு பள்ளி போதாதே, எட்டும் வேண்டும். அதற்கும் வழி தானாக அமைந்தது. மாதக் கூட்டத்தில் மற்ற ஒப்பீட்டுப் பள்ளி ஆசிரியர்கள் ஏழு பேரும் உப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். திட்டப் பள்ளிக்காரர்களுக்குப் புத்தம் புதுப் படப் புத்தகம், இவர்களுக்கு ஆறிப்போன டீ. ஏழு பேருக்கும் மூக்கறுபட்ட கோபம். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் அறைக்கு அவர்களைக் கூட்டிப்போய், மூலை டீச்சர் வகுப்பு எடுத்தாள். மாதம் ஒரு மணி நேரம். அட்டை இல்லாதவர்கள் பழைய காலண்டரை வெட்டினார்கள். புத்தகம் இல்லாதவர்கள் கதையைக் கையால் எழுதித் தைத்தார்கள்.

வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வராத ஒரு வாத்தியார் அந்த ஏழு பேரில் ஒருவர். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்ததால் அவருக்கு உதறல்.

"மாட்டிக்கிட்டா என்ன பண்றது டீச்சர்?"

"எப்பவும் போல இருங்கன்னு சொன்னது அவரு. நாம எப்பவும் நல்லா சொல்லிக் குடுக்கறவங்கதானே?"

"நான் எப்பவும் தூங்கறவன்" என்றார் குடை வாத்தியார். ஆனால் மறு வாரமே தன் அறையில் நாலு மூலையைக் கூட்டிச் சுத்தம் செய்தார்.

மற்றவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்ததே போதுமாக இருந்தது. எதற்காக இவள் இவ்வளவு பாடுபடுகிறாள் என்று அவர்கள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அளவெடுப்பவர்கள் வந்தால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவாள். மூச்சுவிடும் நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கும். அவர்கள் ஒவ்வொரு பிள்ளையாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஸ்டாப் வாட்ச்சை அமுக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறது என்று குறிப்பார்கள். இவள் உள்ளே நின்று கேட்பாள். பிள்ளை தடங்கல் இல்லாமல் வாசிக்க வாசிக்க, 'வாசிடா, வாசி, அவன் தலையில் இடி விழுகிற மாதிரி வாசி' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு டீச்சர் இப்படி நினைக்கலாமா? நினைத்தாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முடிந்தது. முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். திரையில் இரண்டு கம்பங்கள் எழும்பின. திட்டப் பள்ளி ஒன்று, ஒப்பீட்டுப் பள்ளி ஒன்று. இரண்டும் ஒரே உயரம். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை.

"வித்தியாசமே இல்லைன்னா இவ்வளவு பாடு எதுக்குங்க?" என்றார் மேலதிகாரி. "நிறுத்திடுங்க."

மூலை டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். வழியில் பழக்கமில்லாத ஒருவர் மணி கேட்டதற்கு, மணியைச் சொல்லி, ஊரைக் கேட்டு, குடும்பத்தையும் விசாரித்துவிட்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

அது பன்னிரண்டு நாள் நீடித்தது. பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தங்கை வந்தாள். வழக்கமாக வாசலிலேயே பேச்சைத் தொடங்குகிறவள், நேராக உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை வேன் வந்துச்சுக்கா. அட்டை, கதைப் புத்தகம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஒரு பொண்ணு, ரெண்டு வருஷமா எழுத்து மூலையிலயே இருந்தவ, போன மாசம்தான் சொல் மூலைக்கு வந்தா. சொல் அட்டைய விடவே மாட்டேன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நான்தான் அவ விரலைப் பிரிச்சு எடுத்துக் குடுத்தேன்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பழைய புத்தகம், பழையபடி கோரஸ். யாரும் மூலையில உக்கார வைக்கக் கூடாதாம். ஆய்வுல தோத்த முறையாம். எல்லாப் பள்ளிக்கும் ஆர்டர் வருது. உனக்கும் வரும், உன் மூலைக்கும் சேத்துத்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒண்ணுதான்கா புரியல. என் பிள்ளைங்க வாசிச்சாங்க. கண்ணால பாத்தேன். அப்புறம் எப்படிக்கா தோத்துச்சு?"

மூலை டீச்சர் அவன் ஒருவன் மட்டும் விழுவான் என்று கணக்குப் போட்டிருந்தாள். விழுந்தது அவளுடைய நாலு மூலை. அவளே இருபத்திரண்டு வருடம் கட்டியதை, அவளே ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு, பயனற்றது என்று நிரூபித்துக் காட்டியிருக்கிறாள். தங்கையிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை கேட்டு முடித்தாள். அழுகை நின்றுவிட்டது.

"உன் வஞ்சத்துக்கு என் பிள்ளைங்கதான் கிடைச்சாங்களா?"

"நான் அவனைத்தான்டி..."

"அவனுக்கு வேற ஆபீஸ் கிடைக்கும். அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். கேட்டைச் சாத்திய சத்தம் தெரு முனை வரை கேட்டது.

மறுநாள் டீச்சர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இயக்குநர் அலுவலகத்துக்குப் போனாள். திருந்திப் போனாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளை நினைத்துத்தான் போனாள். ஆனால் அவன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்று இன்னும் அதிகமாகியிருந்தது.

அறையில் பாதிப் பொருள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க மேடம்."

சொன்னாள். நாற்காலி அறை, மாதக் கூட்டம், காலண்டர் அட்டை, மேஜையில் இரண்டு தட்டு. கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது, சிவந்தது, கடைசியில் மலர்ந்தே விட்டது.

"அப்ப திட்டம் தோக்கல! பதினாறு பள்ளியிலயும் வேலை செஞ்சிருக்கு! பக்கத்து வட்டாரப் பிள்ளைங்களை வாசிக்க வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரிஞ்சுடும்!" சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

நாலு பக்கம் எழுதினாள். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். பேனா மேஜையில் உருண்டது.

அந்தப் பக்கத்தில் ஒப்பீட்டுப் பள்ளி வரவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வகுப்பைக் கலைத்துப் போட்ட காலையிலிருந்து அவள் தொடங்கியிருந்தாள். பிறகு கடைசி பெஞ்சில் நாற்பது நாள் உட்கார்ந்த மாணவன், அவன் கேட்ட கேள்விகள், இவள் சொன்ன பதில்கள்.

"இந்தப் பக்கம் தேவையில்ல மேடம்" என்றார். முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தார். நினைவு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"எப்படிங்க சார் தேவையில்லாம போகும்? உங்க பயிற்சிக்கு நான் வரல. உங்க புத்தகம் எனக்குத் தரல. அப்புறம் எட்டுப் பள்ளிக்கு எங்கேருந்து சொல்லிக் குடுத்தேன்னு மேல கேப்பாங்கல்ல? ஒண்ணு, நான் திருடியிருக்கணும். இல்லைன்னா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எது உண்மைன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அந்தப் பக்கத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"முழுசா அனுப்புங்க, உண்மைன்னு கையெழுத்துப் போட்டு. இல்லைன்னா குடுங்க, கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். உங்க பெட்டிய நீங்க கட்டுங்க."

அவர் எழுந்து கதவு வரை போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார். கால் மணி நேரம் அவள் அசையவில்லை. பாதி கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்து வட்டாரத்தில் பன்னிரண்டு பள்ளிகளை அளந்து பார்த்தார்கள். பதினாறு பள்ளிப் பிள்ளைகள் வாசித்ததில் பாதிகூட அங்கே வாசிக்கவில்லை. திட்டத்துக்கு உயிர் வந்தது. வேன் அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியது. தங்கையின் வகுப்பில் அந்தப் பெண் இப்போது வரி மூலையில் இருக்கிறாள். இதைத் தங்கை சொல்லவில்லை, குடை வாத்தியார் சொல்லித்தான் தெரியும். தங்கை இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

டீச்சரை மட்டும் சும்மா விடவில்லை. அரசு ஆய்வைக் கெடுத்த குற்றத்துக்கு விசாரணை. நீள மேஜை, விசாரணை அதிகாரி, கம்ப்யூட்டர் முன்னால் கிளார்க், சாட்சி நாற்காலியில் இயக்குநர். மற்ற ஏழு பேரும் விஷயம் தெரியாமல் தன் பேச்சைக் கேட்டவர்கள், தவறு தன்னுடையது மட்டும் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். தலைமை ஆசிரியை ஆகும் தகுதி இனி எந்தக் காலத்திலும் கிடையாது, பணியிட மாற்றமும் உண்டு என்று அதிகாரி படித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

"சாட்சியை நீங்க ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு சார்." எழுந்து நின்றாள். "இந்த நாலு மூலையை இவரு முதல்ல எங்க பாத்தாரு?"

இயக்குநர் தண்ணீர் குடித்தார். "அது... எழுத்துல ஏற்கெனவே..."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"இவங்க வகுப்புல."

"நீங்க ஆய்வு எழுதறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"கேக்கல சார். கிளார்க்குக்கும் கேட்டிருக்காது."

"முன்னாடி! இவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்!"

கிளார்க் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இவங்கன்னா யாருன்னு போடட்டும் சார்?"

மூலை டீச்சர் உட்காரவில்லை. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். அவர் அவளுடைய பெயரைச் சொன்னார். முழுப் பெயரும், ஒரு எழுத்து குறையாமல், சரியாக நினைவு வைத்திருந்தார்.